புகைபோக்கி எங்கே போக்குகிறது?

தமிழில் 'போக்கு' என்னும் வினைக்கு இரண்டு பொருள்கள் உண்டு. ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்குச் செலுத்துதல் ஒன்று. இல்லாமல் ஆக்குதல் மற்றொன்று. தூதனைப் போக்கினான் என்றால் அந்தத் தூதன் எங்கோ போய்ச் சேர்கிறான். பிணியைப் போக்கினான் என்றால் பிணி எங்கும் போய்ச் சேர்வதில்லை, அது ஒழிந்துவிடுகிறது. புகைபோக்கி என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் மனம் இந்த இரண்டாவது பொருளில் நிம்மதி அடைகிறது. கருவியோ முதற்பொருளில்தான் வேலை செய்கிறது. உணவகங்களின் பின்புறச் சந்துகளில் நடந்து பழகியவர்களுக்கு இந்த வேறுபாடு மூக்கிலேயே தெரியும்.

உணவகச் சமையற்கூடங்களும் தொழிற்கூடங்களும் வெளியேற்றும் காற்றை வெளியேற்றுவதற்கு முன் தூய்மை செய்தாக வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து. இது பொறியியல் துறைக்கு உரிய பொருளாயிற்றே, தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். புகையைப் பற்றிய நம் மனப்பழக்கத்தில் பாதி இலக்கியத்திலிருந்து வந்தது என்பதே என் விடை.

நம் மரபில் அடுப்புப் புகை இழிவானதன்று. அது வாழ்வின் அடையாளம். புறநானூற்றின் 164ஆம் பாட்டில் பெருந்தலைச் சாத்தனார் குமணனிடம் தம் வறுமையைச் சொல்லும்போது, சமைப்பதையே மறந்துபோன அடுப்பில் காளான் பூத்திருப்பதைக் காட்டுகிறார். புகையாத அடுப்புதான் அங்கே துயரம். குறுந்தொகையின் 167ஆம் பாட்டில் கூடலூர் கிழார் காட்டும் இளம்பெண், தாளிக்கும் புகை கண்ணில் நிறைந்தும் எழுந்து போகாமல் கணவனுக்காகப் புளிக்குழம்பு சமைக்கிறாள். தாளிப்பைக் குறிக்கும் 'குய்' என்ற பழஞ்சொல்லையும், அதிலிருந்து பிறந்த 'குய்ப்புகை' என்ற தொடரையும் நாம் அந்தப் பாட்டில் கற்கிறோம். அங்கே கண்ணெரிச்சல் அன்பின் அளவுகோல்.

பட்டினப்பாலை இன்னும் ஒருபடி மேலே போகிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டும் காவிரிப்பூம்பட்டினத்தில், அறச்சாலைச் சமையற்கூடங்களில் வடித்த கஞ்சி தெருவில் ஆறுபோல் ஓடுகிறது. காளைகள் அதில் பொருது சேறாக்குகின்றன. தேர்கள் ஓடி அந்தச் சேறு உலர்ந்து புழுதியாகிறது. அந்தப் புழுதி கிளம்பி, ஓவியம் தீட்டிய வெண்மாளிகைகளின் மேல் அழுக்காகப் படிகிறது. புலவர் இதைச் செழிப்பின் சித்திரமாகவே வரைந்தார், அதில் ஐயமில்லை. ஆனால், சமையற்கூடத்திலிருந்து வெளியேறும் ஒன்று அத்துடன் மறைந்துவிடுவதில்லை, வடிவம் மாறி ஒருவர் வீட்டுச் சுவரில் வந்து படியும் என்னும் உண்மையைப் படிப்படியாக இவ்வளவு துல்லியமாகச் சொன்ன பகுதி வேறொன்றை நான் படித்ததில்லை.

*

சில ஆண்டுகளுக்கு முன் குறுந்தொகைப் பாட்டை வகுப்பில் நடத்திக்கொண்டிருந்தேன். இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன், மாலை வேளைகளில் ஓர் உணவகத்தில் பரோட்டா மாஸ்டருக்குக் கையாளாக இருந்தவன், எழுந்து கேட்டான்: "ஐயா, அந்தக் குய்ப்புகையில மிளகா வத்தல் உண்டா?" நல்ல கேள்வி. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். போர்த்துக்கீசியர் வருகைக்குப் பிறகே நம் நாட்டுக்கு வந்தது. சங்ககாலத் தாளிப்பின் காரம் மிளகின் காரம்தான் என்றேன். அவன் சிரித்துக்கொண்டே, "அப்பச் சரிங்க ஐயா. அந்தம்மாவுக்கு ஒரு வேளைக் குழம்பு. எங்க மாஸ்டருக்குப் பதினஞ்சு வருசம்" என்றான். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாட்டிலுள்ள புகைக்கும் அவன் நுகரும் புகைக்கும் பெயர்தான் ஒன்று. அளவும் இயல்பும் வேறு என்பதை அவன் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டான்.

எண்ணெய் மிகையாகச் சூடேறும்போது அதன் மூலக்கூறுகள் சிதைகின்றன. அப்போது பிறக்கும் அக்ரோலின் என்னும் வேதிப்பொருள்தான் கண்ணைக் கரிக்கச் செய்வது, தொண்டையைக் கமறச் செய்வது. அத்துடன் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்த் துளிகளும், கரியும், பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் எனப்படும் சேர்மங்களும் காற்றில் கலக்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, 2010இல் வெளியிட்ட தன் 95ஆம் தொகுதியில், உயர்வெப்பத்தில் பொரிக்கும்போது எழும் புகையை 'அநேகமாகப் புற்றுநோய் விளைவிக்கும்' என்னும் 2ஏ பிரிவில் வைத்தது. புகைபிடிக்காத சீனப் பெண்களின் நுரையீரல் புற்றுநோய் பற்றிய ஆய்வுகள் அம்முடிவுக்கு முக்கிய ஆதாரங்களாக இருந்தன. வீட்டில் வாரம் இருமுறை அப்பளம் பொரிப்பதற்காக யாரும் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் நாள்தோறும் எட்டு மணி, பத்து மணி நேரம் எண்ணெய்ச் சட்டியின் முன் நிற்பவருக்கும், அந்தப் புகைக்குழாயின் வாய்க்கு எதிரே சன்னல் வைத்த வீட்டில் இருப்பவருக்கும் இது வேறு கணக்கு.

பின்சந்து வீடுகளை நம் நகரங்கள் எல்லாவற்றிலும் காணலாம். உணவகத்தின் முன்புறம் கண்ணாடிக் கதவு, குளிரூட்டி, வாழையிலை ஓவியம். பின்புறச் சுவரில் ஒரு வட்டத் துளை. அதில் சுழலும் எக்ஸாஸ்ட் விசிறி. விசிறிக்குக் கீழே சுவரெங்கும் கறுத்து வழிந்த பிசுக்கு. எதிர்வீட்டுக் கொடியில் காயும் துணிகளில் வெங்காய வடை மணக்கும். அந்த வீட்டுக்காரர் சன்னலைச் சாத்திவைப்பார். காற்று வரும் வழி என்பதால் சன்னலுக்குக் 'காலதர்' என்று பெயரிட்டவர்கள் நாம். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சிலப்பதிகாரத்துப் புகார் நகர மாளிகைகளில் மான்கண் வடிவில் அமைந்திருந்த அந்தக் காலதர், இன்று ஒருவருடைய வியாபாரத்தின் பொருட்டு வேறொருவர் வீட்டில் ஆண்டு முழுவதும் அடைபட்டுக் கிடக்கிறது. எதிர்த்துக் கேட்டால், "வாசனைதானே சார்" என்ற விடை வரும். ஒருவேளை உண்ண வருபவருக்கு அது வாசனை. மூன்று வேளையும் அதையே சுவாசிப்பவருக்கு அது நெடி.

*

புகையைப் பிடிக்கும் வழிகள் தெரியாமல் இந்த நிலை நீடிக்கவில்லை. அவை நன்றாகத் தெரிந்தவை; அடுக்கடுக்காக அமைந்தவை. அடுப்புக்கு மேலே, அடுப்பைவிட அகலமான ஒரு தகரக் கூண்டு. ஹூட் என்பார்கள். அதன் வாயில் சாய்வாகப் பொருத்திய எஃகுத் தகடுகள். மேலே இழுக்கப்படும் புகை இத்தகடுகளுக்கிடையே வளைந்து திரும்பும்போது, கனமான எண்ணெய்த் துளிகள் காற்றைப்போல் விரைவாகத் திரும்ப இயலாமல் தகட்டில் மோதிப் படிந்து, கீழேயுள்ள பள்ளத்தில் வடிந்துவிடும். பேஃபிள் பில்டர் எனப்படுவது இதுதான். நம் ஊரில் ஓரளவு பெரிய உணவகங்களில் இதைக் காணலாம். பலர் இத்துடன் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். ஆனால் இது பெரிய துளிகளைத்தான் பிடிக்கும். நுரையீரலின் ஆழம்வரை செல்லக்கூடிய இரண்டரை மைக்ரானுக்குக் குறைவான நுண்துகள்களில் பெரும்பங்கு காற்றோடு வளைந்து தப்பிவிடும்.

தப்பியவற்றைப் பிடிக்க அடுத்த படி வேண்டும். பள்ளி வேதியியலில் கூழ்மங்கள் பாடத்தில் படித்த காட்ரெல் வீழ்படிவாக்கி நண்பர்களுக்கு நினைவிருக்கலாம். அமெரிக்க வேதியியலர் பிரடெரிக் காட்ரெல் கந்தக அமில மூடுபனியைப் பிடிப்பதற்காக 1907ஐ ஒட்டி உருவாக்கிய முறை அது. துகள்களுக்கு மின்னேற்றம் கொடுத்தால் எதிர்மின்னேற்றம் கொண்ட தகட்டில் அவை ஒட்டிக்கொள்ளும். அதே தத்துவத்தில் இயங்கும் சிறிய பெட்டிகள் இன்று சமையற்கூடங்களுக்கென்றே விற்கப்படுகின்றன. வேறொரு முறையில் புகையை நீர்த்திவலைகளின் ஊடே செலுத்திக் கழுவுவார்கள். துகள்கள் நீங்கிய பிறகும் நாற்றம் எஞ்சும். அது வாயு வடிவில் இருப்பதால் வடிகட்டியில் சிக்காது. அதற்கு ஆக்டிவேட்டட் கார்பன் எனப்படும் நுண்துளைக் கரிப்படுகை வேண்டும். இந்த வரிசை மாறக்கூடாது. பிசுக்கை நீக்காமல் கரிப்படுகைக்கு அனுப்பினால், கரியின் துளைகள் எண்ணெயால் அடைபட்டு விரைவிலேயே பயனற்றுப்போகும்.

எந்தக் கருவியையும் பூசையறைப் படம்போல் மாட்டிவைத்துவிட்டுப் போனால் பயனில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வீழ்படிவாக்கியின் தகடுகளில் பிசுக்கு படியப் படிய அதன் திறன் குறையும். கழுவப்படாத பெட்டி வெறும் பெட்டி. வெளியே இழுக்கும் காற்றின் அளவுக்குப் புதுக்காற்று உள்ளே வர வழி இல்லாவிட்டால், எவ்வளவு பெரிய விசிறியும் திணறும்; புகை கூண்டைவிட்டுச் சிதறி மாஸ்டரின் முகத்துக்கே திரும்பும். கழுவிய நீரை அப்படியே சாக்கடையில் விட்டால், காற்றுக்குப் போக வேண்டிய எண்ணெய் வாய்க்காலுக்குப் போகிறது, அவ்வளவுதான். அங்கே எண்ணெய் பிரிக்கும் தொட்டி இருந்தாக வேண்டும். பட்டினப்பாலைக் கஞ்சியை நாம் மறந்துவிடக் கூடாது.

புகைக்குழாயின் உள்ளே படியும் பிசுக்கு வேறொரு வகையிலும் கொடியது. அது எரிபொருள். அடுப்பில் எழும் ஒரு தழல் கூண்டுக்குள் ஏறினால், குழாய் நெடுகத் தீ பரவும். கூரைக்கு மேலே மறைவாக எரிந்துகொண்டிருக்கும். கீழே நிற்பவருக்குத் தெரியாது. 2007 ஆகஸ்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஓர் உணவகத்தில் இப்படிப் பிசுக்கில் பற்றிய தீ கூரைக்குமேல் கனன்று, திடீரென வெடித்துப் பரவியதில் இரண்டு தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தார்கள். அந்நாட்டின் தீத்தடுப்பு நெறியான என்.எஃப்.பி.ஏ. 96, விறகும் கரியும் எரிக்கும் சமையற்கூடங்களின் புகைக்குழாய்களை மாதந்தோறும், நாள் முழுவதும் சமைக்கும் கூடங்களின் குழாய்களை மூன்று மாதத்துக்கொருமுறை சோதிக்கச் சொல்கிறது. நம் ஊரில் விறகடுப்புப் பிரியாணியைப் பெருமையாகப் பலகையில் எழுதிவைப்பவர்கள், குழாயைக் கடைசியாகக் கழுவிய நாளையும் அருகிலேயே எழுதிவைத்தால் நன்றாக இருக்கும்.

*

புகையைப் பிடிப்பதைவிட உயரத்தில் விட்டுவிடுவது எளிது என்னும் எண்ணம் நமக்கு மட்டும் உரியதன்று. அதன் வரலாறு நீண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சோடா ஆலைகள் உப்பையும் கந்தக அமிலத்தையும் வினைபுரியச் செய்து, அதில் எழுந்த ஹைட்ரோகுளோரிக் அமில வாயுவைக் காற்றில் விட்டன. சுற்றிலும் மரங்கள் கருகின, பயிர்கள் பட்டுப்போயின. ஆலைக்காரர்கள் கண்ட முதல் தீர்வு உயரமான புகைபோக்கி. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 1842இல் எழுந்த புகைபோக்கி 130 மீட்டருக்கும் உயரமானது. விளைவு என்ன? அருகிலிருந்த வயல்களோடு தொலைவிலிருந்த வயல்களும் சேர்ந்து கருகின.

அதற்கு முன்பே, 1836இல், வில்லியம் காஸேஜ் என்பவர் கோபுரம் ஒன்றில் கல்கரியை நிரப்பி, மேலிருந்து நீரைச் சொட்டவிட்டு, கீழிருந்து வாயுவை ஏற்றி அதைக் கரைத்துப் பிடிக்கும் வழியைக் கண்டுபிடித்திருந்தார். வழி இருந்தது, கட்டாயம் இல்லை. 1863இல் ஆல்கலி சட்டம் வந்து, அந்த வாயுவில் நூற்றுக்கு 95 பங்கையேனும் பிடித்தாக வேண்டும் என்று விதித்தது. மேற்பார்வைக்கு ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித் என்னும் வேதியியலர் அமர்த்தப்பட்டார். பிற்காலத்தில் அமிலமழை என்னும் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் இவர்தான். முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்த தொழில் சட்டம் வந்த சிறிது காலத்திலேயே அந்த எல்லையைத் தாண்டியது. பிடித்த அமிலம் பின்னர் வெளுப்புத்தூள் செய்யப் பயன்பட்டு வருவாயும் தந்தது. கருவி கண்டுபிடிக்கப்பட்டதற்கும் அது எங்கும் பயன்பட்டதற்கும் இடையிலிருந்த 27 ஆண்டுகளில் குறைவாக இருந்தது அறிவியலன்று, சட்டம்.

நம் வீட்டு அடுப்பின் கதையும் இத்தகையதே. ஐதராபாத்துப் பொறியாளர் எஸ்.பி. ராஜு, புகையில்லா அடுப்பைக் கோடிக்கணக்கான குடும்பங்களுக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்று எழுதிய சிறுநூல் 1953இல் சென்னையில் வெளியானது. புகைக்குழாய் வைத்த அந்த அடுப்பு பெண்களின் கண்களைக் காக்க நினைத்தது, வணங்கத்தக்க முயற்சி. ஆயினும் குழாய் புகையைத் தெருவுக்குத்தான் அனுப்பியது. தோட்டமும் தொலைவும் உள்ள சிற்றூரில் அது பெரும் குறையன்று. சுவரோடு சுவர் ஒட்டிய நகரத்தில், ஒருவர் வெளியே விடுவது இன்னொருவரின் வீட்டுக்கு உள்ளே போகிறது.

இந்த நெருக்கத்தை முன்பே உணர்ந்த நாடுகள் விதி செய்திருக்கின்றன. சீனம் 2001இல் உணவகங்களின் எண்ணெய்ப் புகைக்கு ஒரு கன மீட்டருக்கு 2 மில்லிகிராம் என்று வரம்பு விதித்தது. சிறிய கடைக்கு 60, நடுத்தரக் கடைக்கு 75, பெரிய கடைக்கு 85 விழுக்காடு தூய்மை செய்யும் கருவி வேண்டும் என்று அளவுக்கேற்பப் படிவைத்தது. தனிப் புகைவழி இல்லாத குடியிருப்புக் கட்டடங்களில் எண்ணெய்ப் புகை எழுப்பும் புதிய உணவகங்களைத் தொடங்கக் கூடாது என்பது 2016இல் நடைமுறைக்கு வந்த அந்நாட்டுச் சட்டத்தில் உள்ளது. நியூயார்க் நகரம் 2024இல், விறகும் நிலக்கரியும் எரிக்கும் பழைய பீட்சா அடுப்புகள் தம் நுண்துகளை 75 விழுக்காடு குறைக்க வேண்டும் என்னும் விதியை நடைமுறைப்படுத்தியது. பாரம்பரியச் சுவை போய்விடும் என்று அங்கேயும் கூக்குரல் எழத்தான் செய்தது.

நம்மிடம் 1981இல் இயற்றிய காற்று மாசுத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அதைவிடப் பழையது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 278ஆம் பிரிவு. உடல்நலத்துக்குக் கேடாகக் காற்றைக் கெடுப்பவருக்கு 1860இல் அது விதித்த தண்டம் 500 ரூபாய் வரை. அதற்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடைமுறையிலிருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 280ஆம் பிரிவு அதை 1,000 ரூபாய் வரை உயர்த்தியிருக்கிறது. ஏறத்தாழ 164 ஆண்டுகளில் காற்றின் மதிப்பு இருமடங்கு ஆகியிருக்கிறது! ஒரு குடும்பம் உணவகத்தில் ஒருமுறை உண்டு எழுந்தால் ஆகும் தொகை அது.

*

இதற்குச் சொல்லப்படும் மறுப்பு ஒன்று நேர்மையானது. அதைக் கடந்துபோக முடியாது. தள்ளுவண்டியில் பஜ்ஜி போடும் அம்மாவும், கணவன் மனைவி இருவருமாக நடத்தும் இட்லிக் கடையும் வீழ்படிவாக்கிக்கு எங்கே போவார்கள்? அவர்கள்மேல் இந்தச் சுமையை ஏற்றுவதை நானும் ஏற்கமாட்டேன். அதிகாரிகளின் கையில் விதி ஒன்று கிடைத்தால் அது முதலில் பாய்வது எளியவர் மேல்தான் என்பதும் நமக்குத் தெரியும். சீனத்து விதியைப்போல் அளவுக்கேற்பப் படிவைத்துச் செய்வதே முறை. இருநூறு பேர் அமர்ந்து உண்ணும் உணவகமும், ஆயிரக்கணக்கானோருக்குச் சமைக்கும் திருமண மண்டபமும், கல்லூரி விடுதியும், தொழிற்சாலை உணவுக்கூடமும் முதலில் செய்யட்டும். முகப்புக்குக் கிரானைட் பதிக்க முடிந்தவர்களுக்குப் பின்புறத்துக்கு ஒரு வடிகட்டி வைக்க முடியாது என்பதை நம்ப இயலவில்லை. சிறு கடைகள் நெருங்கியிருக்கும் உணவுத் தெருக்களில் பொதுவான புகைவழி ஒன்றை நகராட்சியே அமைத்துத் தரலாம். பொதுக் குடிநீர்க் குழாய் போல அதுவும் ஒரு பொதுப்பணிதான்.

என் மாணவன் பேச்சில் அடுத்த வீட்டுக்காரர் இல்லை; அவனுடைய மாஸ்டர்தான் இருந்தார். புகையைப் பற்றிப் புகார் எழுதும் நாம் பெரும்பாலும் சன்னல் உள்ளவர்கள். புகைக்கு மிக அருகில் நிற்பவருக்குச் சன்னலும் இல்லை, புகார் எழுதும் கையும் இல்லை. ஆகவே எந்த விதி வந்தாலும் அது கூண்டிலிருந்து தொடங்க வேண்டும், குழாயின் வாயிலிருந்து அல்ல. கூண்டு சரியாக இழுக்கிறதா, புதுக்காற்று வருகிறதா, தகடுகளை அன்றன்று கழுவுகிறார்களா, கழுவுகிறவருக்குக் கையுறை உண்டா என்பவை முதற்கேள்விகள். வெளியே என்ன போகிறது என்பது அடுத்த கேள்வி. இரண்டையும் கேட்க வேண்டும். இந்த வரிசையில் கேட்க வேண்டும்.

அடுத்த முறை நல்ல உணவகம் ஒன்றில் உண்டு முடித்துக் கைகழுவிய பிறகு, கட்டடத்தைச் சுற்றி ஒருமுறை பின்புறம் போய்ப் பாருங்கள். சுவர் எப்படி இருக்கிறது, விசிறி எந்தத் திசையை நோக்கி ஊதுகிறது, எதிரே யாருடைய சன்னல் சாத்தியிருக்கிறது என்று பாருங்கள். பிறகு கல்லாவில் இருப்பவரிடம், "உங்கள் புகைபோக்கி புகையை எங்கே போக்குகிறது?" என்று மரியாதையாகக் கேளுங்கள். சாப்பாட்டில் உப்புக் குறைந்தால் கேட்கிறோம் அல்லவா? இதையும் கேட்கலாம்.